சுத்தமான சத்தம்

முதல் ஐந்து நாளும் நான் படமெடுத்தது, ஒரு மனிதர் மேசை முன்னால் உட்கார்ந்திருப்பதை. அவ்வளவுதான்.

சமையலறையை ஒட்டிய சின்னக் கூடம். சாப்பாட்டு மேசைமேல் நான்கே கம்பி உள்ள ஒரு கிட்டாரை மல்லாக்கப் படுக்கவைத்திருப்பார். வலது கை விரல்கள் கம்பிமேல், இடது கையில் ஒரு சாப்பாட்டு ஸ்பூன். தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொள்வார். அப்படியே பத்து நிமிடம், சில நாள் இருபது. பிறகு ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு, "இன்னைக்கு வரல" என்பார். எழுந்து உள்ளறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வார். தாழ்ப்பாள் சத்தம் எங்கள் மைக்கில் அற்புதமாகப் பதிவாகும். ஐந்து நாளில் உருப்படியாகக் கிடைத்த ஒரே இசை அதுதான்.

நான் அதைத் தியானம் என்று நினைத்தேன். 'தன்னுள் எழும் ஒலிக்காக அவர் காத்திருக்கிறார்' என்று நோட்டில் எழுதி, கீழே இரண்டு கோடு வேறு போட்டேன். படத்தின் பின்னணிக் குரலுக்கு. அந்த நோட்டை இப்போது யார் கண்ணிலும் படாமல் வைத்திருக்கிறேன்.

அவரை எல்லோரும் '9-சி' என்றுதான் சொல்வார்கள். பழைய சாமான் கடை ஒன்றில் ஒரு அட்டைப்பெட்டி நிறைய கேசட் கிடைத்தது, முப்பத்தொன்று. ஒவ்வொன்றின்மேலும் '9-சி' என்று மட்டும் எழுதி, பக்கத்தில் ஒரு தேதி. வாங்கியவர் விளையாட்டாக இணையத்தில் ஏற்றினார். கேட்டவர்கள் கிறங்கிப்போனார்கள். அடியில் விடாமல் ஒரு ரீங்காரம். அதன்மேல் வழுக்கி வழுக்கி ஏறி இறங்கும் ஒரு கம்பியின் குரல். எந்தப் பள்ளியிலும் படித்துவராத, யாரிடமும் கேட்டு வராத இசை. ஒவ்வொரு பாட்டும் பாதியில் கழுத்தைப் பிடித்து நிறுத்தியதுபோல் நின்றுவிடும். ஏன் நிற்கிறது என்று ஆளாளுக்குக் கட்டுரை எழுதினார்கள். நானும் எழுதினேன். 'முடிவை மறுக்கும் ஒரு கலைஞனின் மௌனக் கலகம்.' இருநூற்றுப் பதினான்கு பேருக்குப் பிடித்திருந்தது.

9-சி என்பது வீட்டு எண். அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருடம் ஆயிற்று. பெல்லை அடித்தபோது கதவைத் திறந்தது அவருடைய அக்கா. மருத்துவமனைச் சலவைப் பிரிவில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வுபெற்றவர். அலமாரி அடைக்கிறதே என்று கேசட்டுகளைக் கடையில் போட்டவரும் அவர்தான். ஆயிரக்கணக்கான பேர் கேட்கிறார்கள் அக்கா என்று சொன்னபோது, என்னை மேலும் கீழும் பார்த்து, "எதுக்கு?" என்று கேட்டார்.

தம்பி பூட்டுக் கம்பெனியில் சாவி சரிபார்க்கிற வேலையில் இருந்தவர். கம்பெனி மூடியபின் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. அதோடு முப்பது வருடம். சாவிகளையே பார்த்துக்கொண்டிருந்த மனிதர் கதவைப் பூட்டிக்கொண்டார் என்று நான் ஒருமுறை வேடிக்கையாகச் சொன்னேன். அக்கா சிரிக்கவில்லை.

படத்துக்கு அவர் சம்மதித்ததே பெரிய விஷயம். ஒரே நிபந்தனை, அதுவும் அக்கா வாயிலாக: "அவன் வாசிச்சா, அதை அவன் கேக்கணுமாம். கேட்டு சரின்னு சொன்னாத்தான் வெளிய போகணுமாம்." அதற்கென்ன, சத்தியம் பண்ணிக் கொடுத்தேன். எதற்கும் சத்தியம் செய்ய அப்போது நான் தயாராக இருந்தேன்.

ஏனென்றால் எனக்கு நாற்பத்துமூன்று வயது. அதுவரை நான் எடுத்த படங்கள்: தீயணைப்புக் கருவியைக் கையாள்வது எப்படி, கை கழுவுவது எப்படி, மின்தூக்கி நின்றுவிட்டால் பதறாமல் இருப்பது எப்படி. கம்பெனிகளுக்காக எடுத்தவை. பல்லாயிரம் பேர் கட்டாயத்தின்பேரில் பார்த்திருக்கிறார்கள். விரும்பி ஒருவரும் பார்த்ததில்லை. இப்போதுதான் முதல்முறையாக ஒரு தொலைக்காட்சி, ஐம்பது நிமிட இடம் தந்திருந்தது. அங்கே முடிவெடுக்கும் மேடம் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார்: "அவர் வாசிக்கணும். வாசிச்சா படம். வாசிக்கலன்னா அது ஒரு வயசானவரு உக்காந்திருக்கிற வீடியோ." அடுத்த திங்கட்கிழமை படத்தைக் காட்டியாக வேண்டும்.

எங்கள் படக்குழு இரண்டு பேர். கேமரா நான். சவுண்டு, சவுண்டு அண்ணன். தொழிலில் இருபத்திரண்டு வருடம். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் வணக்கம் சொல்லுமுன் ஃபிரிட்ஜை அணைப்பார். பிறகு மின்விசிறி, சுவர்க் கடிகாரம். ஃபிரிட்ஜை அணைத்த கையோடு வேன் சாவியை அதற்குள் வைத்துவிடுவார். கிளம்பும்போது சாவியைத் தேடினால் ஃபிரிட்ஜைத் திரும்பப் போட ஞாபகம் வருமாம்.

"சவுண்டு ஆளுங்க எல்லாருமே இப்படித்தான் டைரக்டரே," என்றார் முதல் நாள். "ஒருதடவை ஒரு வீட்ல மறந்து வந்துட்டேன். உள்ள மீனு. அந்தத் தெருப்பக்கம் இன்னிக்கும் நான் போறதில்ல."

ஆக முதல் ஐந்து நாளும் இதே வரிசை. அண்ணன் அணைப்பார். வீடு அமைதியாகும். 9-சி வருவார். தலையைச் சாய்ப்பார். இன்னைக்கு வரல. தாழ்ப்பாள்.

"என்னண்ணே, இந்த மனுஷன் மனசு வெக்கவே மாட்டாரா?" என்று வேனில் புலம்புவேன்.

"கலைஞர்கள்னா அப்படித்தான். ஆனா ஒண்ணு, ரூம் என்ன அமைதி பாத்தீங்களா? இந்த மாதிரி அமைதியை நான் ஸ்டுடியோலகூடக் கேட்டதில்ல."

ஆறாம் நாள் வேன் டயர் பழிவாங்கியது. அண்ணன் நடுவழியில் நின்றார். நான் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் பிடித்துப் போனேன். அக்கா கூடத்துச் சோபாவில் துணி மடித்துக்கொண்டிருந்தார். 9-சி தாமாகவே வெளியே வந்து உட்கார்ந்தார். கிட்டார், ஸ்பூன், தலைச் சாய்ப்பு. இன்றைக்கு எத்தனை நிமிடமோ என்று நான் ஸ்டாண்டைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

அரை நிமிடம்கூட ஆகவில்லை. ஸ்பூன் கம்பியைத் தொட்டது.

கேசட்டில் கேட்ட அதே குரல், ஆனால் நான்கடி தூரத்தில். ஸ்டாண்டைக் கீழே போட்டுவிட்டு கேமராவைக் கையிலேயே பிடித்து ஓட்டினேன். வாயைத் திறந்தபடி நின்றேன் என்று அக்கா பிறகு சொன்னார். அப்போது வாசற்கதவு திறந்தது. மூச்சிரைக்க சவுண்டு அண்ணன் உள்ளே பாய்ந்தார். வணக்கமில்லை, ஒன்றுமில்லை, நேராக சமையலறைக்குப் போய் ஃபிரிட்ஜ் சுவிட்சை அணைத்து, கதவைத் திறந்து, சாவியை உள்ளே வைத்துவிட்டு, வெற்றியோடு என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார்.

கம்பி நின்றது. 9-சி எங்களைப் பார்க்கவில்லை. ஃபிரிட்ஜைப் பார்த்தார். கூட்டத்தில் கையை விட்டுப்போன ஆளைத் தேடுகிற மாதிரி ஒரு பார்வை.

"இன்னைக்கு வரல."

தாழ்ப்பாள்.

"நல்லாத்தானே போய்ட்டிருந்துச்சு," என்றார் அக்கா, தலையணை உறையை உதறி மடித்தபடி. "இப்ப எதுக்கு அதை அணைச்சீங்க?"

"சத்தம் வருமே அக்கா," என்றார் அண்ணன்.

"அந்தச் சத்தம் இல்லாம அவன் எப்படி வாசிப்பான்?"

நான் கேமராவைக் கீழே வைத்தேன். "என்னக்கா சொல்றீங்க?"

"அதோட சேந்துதான் தம்பி அவன் வாசிப்பான். அது ஓடும்போது வாசிப்பான், அது நின்னா நிறுத்திடுவான். எப்பவும் அப்படித்தான்."

கேசட்டின் அடியில் ஓடிய ரீங்காரம். அது எந்த வாத்தியம் என்று இணையத்தில் கைகலப்பு மட்டும்தான் நடக்கவில்லை. பழைய ஆர்மோனியம் என்றார்கள். அவரே மூக்கால் இசைப்பது என்று ஒருவர் சத்தியம் செய்தார். கழுத்தைப் பிடித்தாற்போல் நின்றுபோகும் பாட்டு. மௌனக் கலகம். இருநூற்றுப் பதினான்கு பேர்.

"ஃபிரிட்ஜா?" என்றேன்.

"இதுக்கு முன்னாடி வேற ஒண்ணு இருந்துச்சு. அது ரிப்பேரானப்போ ஒரு மாசம் சாப்பாடே சரியா இறங்கல இவனுக்கு. கடையில போய் ஒவ்வொண்ணா ஓட விட்டுக் கேட்டு நான்தான் இதை வாங்கிட்டு வந்தேன். கடைக்காரன் என்னைப் பைத்தியம்னே முடிவு பண்ணிட்டான்."

"அஞ்சு நாளா வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாக்கா?"

"நீங்க கேக்கலையே! சினிமா எடுக்கிறவங்க, ஏதோ காரணமாத்தான் அணைக்கிறாங்கன்னு இருந்தேன். பால் திரிஞ்சுபோகுதேன்னுதான் எனக்குக் கவலை."

"அவராவது சொல்லியிருக்கலாமே?"

"அவன் எந்தக் காலத்துல எதைச் சொன்னான்?"

அவர் அன்றாடம் பத்து நிமிடம் காத்திருந்தது ஃபிரிட்ஜ் ஓடத் தொடங்குவதற்காக. நான் அதை நான்கு கோணத்தில் படமெடுத்து வைத்திருக்கிறேன். ஒரு கோணத்தில் சன்னல் வெளிச்சம் நெற்றியில் விழுகிறது. ரொம்ப அழகு.

ஏழாம் நாள் ஃபிரிட்ஜைப் பெரிய வித்துவானை வரவேற்பதுபோல் வரவேற்றோம். அண்ணன் அதன் பக்கத்தில் போகும்போது நுனிக்காலில் நடந்தார். நாங்கள் போனபோது அது ஓடாமல் நின்றிருந்தது. 9-சி வந்து உட்கார்ந்ததும் அக்கா எழுந்துபோய் ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

"சூடு உள்ள போனா சீக்கிரம் ஓட ஆரம்பிச்சிடும்," என்றார் என்னிடம் மெதுவாக. "இவன் தலையைச் சாய்ச்சா நான் திறப்பேன்." முப்பது வருடமாக இந்த வீட்டில் இரண்டு பேர் வாசித்திருக்கிறார்கள்; கட்டுரையாளர்கள் நாங்கள் ஒருவரைப் பற்றித்தான் எழுதியிருக்கிறோம்.

ஃபிரிட்ஜ் ஒருமுறை குலுங்கி, முனக ஆரம்பித்தது. அக்கா கதவைச் சாத்தினார். ஸ்பூன் கம்பியில் இறங்கியது.

பதினோரு நிமிடம். என்ன சொல்ல? இரண்டு பேர் பேசிக்கொண்டே நடந்து போகிறார்கள். ஒருவர் பேசுவது மட்டும் புரிகிறது. மற்றவர் 'ம்' கொட்டிக்கொண்டே வருகிறார். அந்த 'ம்' இல்லையென்றால் இவர் பேச மாட்டார். இடையில் பக்கத்து வீட்டில் மோட்டார் போட்டார்கள். மின்சாரம் சற்றுத் தாழ்ந்து, ஃபிரிட்ஜின் குரல் மயிரிழை இறங்கியது. ஸ்பூனும் அதோடு இறங்கிப் போய், தோளில் கை போட்டதுபோல் சேர்ந்துகொண்டது. நான் கேமராவின் கண்ணாடிக்குப் பின்னால் அழுதேன். ஃபோகஸ் தவறாமல் அழுதேன் என்பதையும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறேன்.

ஃபிரிட்ஜ் உதறிக்கொண்டு நின்றது. அதே நொடியில் அவர் கை எழும்பியது.

சவுண்டு அண்ணன் கண்கலங்கி, காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றினார். "டைரக்டரே, இதைவிடச் சுத்தமா நான் வாழ்க்கையில எடுத்ததில்ல."

நிபந்தனைப்படி ஹெட்போனை 9-சி காதில் மாட்டினோம். அண்ணன் ஓடவிட்டார். அவர் தலை வழக்கம்போல் சாய்ந்தது. ஒரு நிமிடம் கேட்டார். இரண்டு நிமிடம். முகத்தில் இருந்ததெல்லாம் ஒவ்வொன்றாக எழுந்து வெளியே போனதுபோல் இருந்தது.

"யார் இது?" என்றார்.

"நீங்கதான் சார்."

"அது எங்க?"

அண்ணனுக்குப் புரியுமுன் எனக்குப் புரிந்துவிட்டது. ஹெட்போனைப் பறித்து என் காதில் வைத்தேன். கம்பியின் குரல் கண்ணாடிபோலத் தெளிவாக இருந்தது. அடியில் ஒன்றுமே இல்லை. துடைத்துவிட்டதுபோல்.

"அண்ணே. என்ன பண்ணீங்க?"

அண்ணன் தன் பெட்டியைப் பார்த்தார். அதில் ஒரு சின்னப் பொத்தான் உண்டு. லாரி, ஏசி, ஃபிரிட்ஜ் மாதிரி அடிச்சத்தம் எதுவும் பதிவாகாமல் வெட்டிவிடும். பெட்டி வாங்கிய நாளன்று அமுக்கியது. அப்புறம் அங்கே ஒரு பொத்தான் இருப்பதையே அவர் மறந்துவிட்டார்.

"இருபத்திரண்டு வருஷத்துல," என்றார் மெதுவாக, "அந்தப் பொத்தானை எடுத்துவிடச் சொல்லி யாருமே கேட்டதில்ல."

"இன்னொரு தடவை சார்," என்றேன். "ஒரே தடவை. அக்கா, கொஞ்சம் கதவைத் திறங்கக்கா."

அக்கா அசையவில்லை. தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். 9-சி ஸ்பூனை எடுத்து, சட்டையில் துடைத்து, மேசைமேல் வைத்தார்.

"என்னைத் தனியா விட்டுட்டீங்க," என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. "இது நான் இல்ல. யாரோ. வேணும்னா போட்டுக்கோங்க."

"நீங்க சரின்னு சொன்னாத்தான்..."

"அதான் சரின்னுட்டேனே. யாரையோ போடறதுக்கு என்கிட்ட எதுக்குக் கேக்கணும்?"

தாழ்ப்பாள்.

அடுத்த இரண்டு நாள் நான் பட்ட பாடு நாய் படாது. ஃபிரிட்ஜை மட்டும் தனியாகப் பதிவுசெய்து அடியில் சேர்த்துப் பார்த்தோம். அவர் அன்றைக்கு ஓடிய ஃபிரிட்ஜோடு வாசித்தார்; நாங்கள் சேர்த்தது இன்றைக்கு ஓடியது. ஸ்பூன் ஒரு பக்கம் இறங்கும், இது பாட்டுக்கு நேராகப் போகும். எதிரெதிரே வந்து, அடையாளம் தெரியாமல் தாண்டிப்போகும் இரண்டு பேர். கேசட்டிலிருந்து எடுத்துச் சேர்த்தோம், இன்னும் கேவலம். கேமராவிலேயே உள்ள மைக்கில் தேடினோம்; சவுண்டு அண்ணன் இருக்கும் தைரியத்தில் நான் அதை அணைத்து வைத்திருந்தேன். ஆக, திட்டுவதற்கு அண்ணனும் போதவில்லை.

திங்கட்கிழமை மேடம் பார்த்தார். பதினோரு நிமிடமும் அசையாமல் கேட்டார். முடிந்ததும் கைதட்டினார், உண்மையாகவே.

"என்ன ஒரு க்ளாரிட்டி! கேசட்ல அந்த இரைச்சல்ல எதுவுமே விளங்காது. இப்பத்தான் அவர் வாசிக்கிறதே கேக்குது. இதுதான் படம். அவர் ஒத்துக்கிட்டாரா?"

"ஒத்துக்கிட்டார் மேடம்."

பொய் இல்லை. ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அவர் கையெழுத்துப் போட்ட சம்மதத் தாள் பையில் இருந்தது; அக்காவே வாங்கிக் கொடுத்தது. என் வாழ்க்கையின் ஐம்பது நிமிடம் கைக்கு எட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்தது. எழுந்து வாசல்வரை போனேன். போய்த் தொலைந்திருக்கலாம்.

"மேடம், இந்தப் பதினோரு நிமிஷத்தை எடுத்துடலாம்."

"ஏன்?"

ஃபிரிட்ஜைப் பற்றிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு, மனநலம் சரியில்லாத உறவினரிடம் பேசுவதுபோல் தணிந்த குரலில், "அந்த இரைச்சல் இல்லாததுதானே நல்லாயிருக்கு?" என்றார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா அது அவர் இல்ல."

"பார்க்கிறவங்களுக்கு எப்படித் தெரியும்?"

ஐம்பது நிமிடம் எட்டு நிமிடமாயிற்று. ஒரு காலை நிகழ்ச்சியின் நடுவில், முதுகுவலிக்கான பயிற்சிக்கும் வானிலைக்கும் இடையில். முழுக்க அக்காதான் பேசுகிறார். துணி மடிக்கிறார், ஃபிரிட்ஜ் வாங்கிய கதையைச் சொல்கிறார், திறந்து பிடித்துக்கொண்டு நின்று காட்டுகிறார். அது ஓடும் சத்தம் கேட்கிறது. 9-சி வரவே இல்லை.

ஒளிபரப்பான மறுநாள் கையெழுத்துத் தாளைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அக்கா நாற்காலியைக் காட்டினார். உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. அதற்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"அந்தப் பதினோரு நிமிஷம் எங்க?"

திடுக்கிட்டேன். அவர் தாமாகப் பேச்சைத் தொடங்கி நான் கேட்டதில்லை.

"போடல சார்."

"நான்தான் போட்டுக்கோங்கன்னு சொன்னேனே."

"அது நீங்க இல்லன்னும் சொன்னீங்களே."

"சொன்னா? எத்தனை நாள் வந்து கெடந்தீங்க! ஊர்ல எவனுக்குத் தெரியப் போகுது?"

"உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியும். கீழ வேன்ல ஒருத்தர் உக்காந்திருக்கார், அவருக்குத் தெரியும்."

"அவர் ஏன் மேல வரல?"

"வெக்கமா இருக்காம்."

"இருக்கட்டும்," என்றார். "பொழைக்கத் தெரியாத ஆளா இருக்கீங்களே."

முப்பது வருடமாகத் தெருவையே பார்க்காத மனிதர் என்னைப் பார்த்துச் சொல்கிறார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அவ்வளவு அக்கறை இருந்தா இன்னொரு தடவை வாசிங்களேன் சார்!"

"மாட்டேன்."

"அந்தப் பொத்தானை எடுத்தாச்சு சார்."

"மாட்டேன்னா மாட்டேன்."

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "இவன் ஒருத்தர்கிட்ட இத்தனை வார்த்தை பேசி நான் பாத்ததில்ல தம்பி."

"பேசலக்கா, சண்டை போடுறார்."

எழுந்தேன். எனக்கு வேண்டியிருந்தது பேச்சு அல்ல, வாசிப்பு. தாளை மேசைமேல் வைத்துவிட்டு வாசலுக்குப் போய், செருப்பில் ஒரு காலையும் நுழைத்துவிட்டேன்.

"டைரக்டரே," என்றது கதவு. "அதுல எங்க அக்கா மூக்கு ஏன் அவ்வளவு பெருசா இருக்கு? அவளுக்கு அப்படி ஒண்ணும் கெடையாது."

"கிட்ட வெச்சு எடுத்தா அப்படித்தான் சார் தெரியும். லென்ஸ் அப்படி."

"அப்ப தள்ளி வெச்சு எடுக்க வேண்டியதுதானே?"

"தள்ளி வெச்சா ஃபிரிட்ஜ் கைப்பிடி முகத்தை மறைக்குது சார்."

"மறைக்காது. நான் தெனமும் அங்க உக்காந்துதான் பாக்கறேன்."

செருப்பைக் கழற்றினேன். நாற்காலியைக் கதவோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, லென்ஸ் என்றால் என்ன என்பதிலிருந்து விளக்க ஆரம்பித்தேன். அவர் ஒன்றையும் ஒத்துக்கொள்ளவில்லை.